பக்கத்தில் நின்ற முஹந்திஸ்கள்

வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் வந்த வருஷம் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆளுக்கு ஒரு மிடறு ஸம்ஸம், இரண்டு பேரீச்சம்பழம். மக்காவையும் மதீனாவையும் சொல்லி முடித்தபிறகு, எல்லாரும் எழும்பிப் போன இரவில், அவர் என்னிடம் மட்டும் சொன்ன சங்கதி ஒன்று இருக்கிறது.

“ஜித்தாவுல இறங்கின உடன ஒரு கூடாரம் மகன். ஒண்டில்ல, நூறு இருநூறு இருக்கும். அந்த வெயிலுக்க அதுக்குக் கீழ குந்தினா வேப்பமரத்து நிழல்ல இருந்த மாதிரி. கரண்டும் இல்ல, பேனும் இல்ல.”

“அத யாரு வாப்பா கட்டின?”

“அரசாங்கம் கட்டியிருக்கும்.”

வாப்பா மௌத்தாகிப் பல வருஷங்கள். அந்தக் கேள்வி என்னிடம் திரும்பி வந்தது ஒரு வகுப்பறையில். நான் இப்போது வாகரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். காலையில் ஓட்டமாவடிப் பக்கமிருந்து திருகோணமலை வீதியில் ஏறி, பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து போகவேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். அங்கே ஒருநாள், தாஜ்மஹாலைக் கட்டியவர் ஷாஜஹான் என்று நான் சொன்னதும், பின்வாங்குப் பொடியன் ஒருவன் எழும்பி, “அவரா சேர் கல்லுத் தூக்கின?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஒரு கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர் நமக்குத் தெரியும். வரைந்தவர் பெயரும் சிலவேளை தெரியும். இவர்களுக்கும் கல் தூக்கியவருக்கும் இடையில் இன்னொரு வரிசை இருக்கிறது. அந்த மண் பாரம் தாங்குமா என்று பார்த்தவர், காற்றடித்தால் நிற்குமா என்று கணக்குப் போட்டவர், எழுத்தின் அளவைத் தீர்மானித்தவர், காசு எங்கே போகும் என்று எழுதியவர். இன்றைய பேச்சில் இவர்கள் துறைசார் ஆலோசகர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. கடைசியில் எங்கள் ஊர்க் கட்டடம் ஒன்றைப் பற்றியதும்கூட.

கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வங்காளி

வாப்பா சொன்ன கூடாரம் ஜித்தா, மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தின் ஹஜ் முனையம். திறக்கப்பட்டது 1981இல். மொத்தம் 210 கூடாரங்கள். ஒவ்வொன்றும் 45 மீற்றருக்கு 45 மீற்றர். 21 கூடாரங்கள் ஒரு தொகுதி, அப்படிப் பத்துத் தொகுதிகள். எல்லாம் சேர்ந்து நாற்பது ஹெக்டயருக்கும் அதிகமான நிலத்துக்கு நிழல் கொடுக்கின்றன. உயர்ந்த உருக்குத் தூண்களிலிருந்து கம்பி வடங்கள் இறங்கிக் கூரையைத் தூக்கிப் பிடிக்கின்றன. கூரை என்பது கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லோன் பூசிய துணி. வெயிலின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். பக்கங்கள் திறந்தவை. சூடான காற்று உச்சியிலுள்ள வளையத்தால் மேலே போய்விடும். பேன் இல்லாமல் வாப்பாவுக்குக் குளிர்ந்த காரணம் இதுதான்.

இதை வடிவமைத்தது ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் என்ற அமெரிக்க நிறுவனம். முதன்மைக் கட்டடக்கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்ட். ஆனால், துணியால் இத்தனை பெரிய கூரை போட்டால் பாலைவனக் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போகாதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். அவர் பஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்தவர். அங்கே சிவில் பொறியியல் படித்து, 1952இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் போனார். கலாநிதிப் பட்டத்தோடு 1955இல் அந்த நிறுவனத்தின் சிக்காகோ அலுவலகத்தில் சேர்ந்தார்.

ஹஜ் முனையத்துக்கு முன்பே அவர் கட்டடத் தொழிலின் கணக்கையே மாற்றியிருந்தார். உயர்ந்த கட்டடத்துக்குப் பெரிய எதிரி அதன் சொந்தப் பாரமல்ல, காற்று. பாரத்தை உள்ளே இருக்கும் தூண்களில் மட்டும் ஏற்றினால், உயரம் கூடக்கூட உருக்கின் செலவு தாங்கமுடியாமல் போகும். பஸ்லுர் கான் பலத்தை வெளிச்சுவருக்குக் கொண்டுவந்தார். நெருக்கமான வெளித்தூண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழாய்போல வேலை செய்யும். மூங்கில் உள்ளே வெறுமையாய் இருந்தும் காற்றுக்கு முறியாமல் நிற்பதைப்போல. சிக்காகோவில் 1969இல் முடிந்த நூறு மாடி ஜோன் ஹான்கொக் கட்டடத்தில், வெளிப்புறத்தில் பெரிய குறுக்குச் சட்டங்களை வைத்து இதையே செய்தார். அதற்குச் சென்ற உருக்கு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 145 கிலோ. அதற்கு நாற்பது வருஷம் முந்திய எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 206 கிலோ சென்றது. பின்னர் ஒன்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்தாற்போல் சியர்ஸ் கோபுரம் எழுந்தது. 110 மாடி, 442 மீற்றர். இரு கட்டடங்களுக்கும் கட்டடக்கலைஞர் புரூஸ் கிரஹாம். இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்களாக வேலை செய்தார்கள். கிரஹாமின் கோடும் கானின் கணக்கும் ஒன்றை ஒன்று திருத்தின.

ஹஜ் முனையத்தில் இன்னுமொரு பாடம் இருக்கிறது. கட்டமைப்புக் கணக்கில் உலகமே மதித்த பஸ்லுர் கான் தரத்திலான ஒருவர் இருந்தும், துணிக்கூரைக்கென்றே தனித் தேர்ச்சி பெற்ற ஹோர்ஸ்ட் பெர்கர் என்ற பொறியியலாளரையும் அழைத்தார்கள். துணியின் வளைவும் இழுவிசையும் அவருடைய துறை. கெட்டிக்காரன் இன்னொரு கெட்டிக்காரனைக் கேட்பதற்கு வெட்கப்படவில்லை.

1983இல் ஹஜ் முனையத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அதைப் பார்க்க பஸ்லுர் கான் இருக்கவில்லை. 1982 மார்ச் 27ஆம் திகதி, ஐம்பத்து மூன்று வயது நிறையுமுன், அவர் மௌத்தானார். அதுவும் ஜித்தாவிலேயே. அந்தக் கூடாரத்தின் கீழ் குந்திய நம் ஊர் ஹாஜிமார் எத்தனை ஆயிரம்! இப்படியொரு முஸ்லிம் பொறியியலாளர் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஆக்ராவில் ஒரு கையொப்பம்

அந்தப் பொடியனின் கேள்விக்கு வருவோம். தாஜ்மஹால் வேலை 1632இல் தொடங்கியது. அதன் தலைமைக் கட்டடக்கலைஞராக இன்று ஏற்கப்படுபவர் உஸ்தாத் அஹ்மத் லாஹூரி. அவர் பெயர் கட்டடத்தில் இல்லை. அவருடைய மகன் லுத்புல்லாஹ் எழுதிய கவிதை ஒன்றிலிருந்துதான் தகப்பனின் பங்கு வெளியே தெரியவந்தது. அந்த மகன் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ‘முஹந்திஸ்’. அறபு தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. ‘ஹந்தஸா’ என்றால் அளவும் வடிவக் கணிதமும். அதை அறிந்தவர் முஹந்திஸ். இன்று பொறியியலாளரைக் குறிக்கவும் அதே சொல்தான்.

சரி, கட்டடத்தில் யார் பெயர் இருக்கிறது? எழுத்தணிக் கலைஞரின் பெயர். ஷீராஸிலிருந்து வந்த அப்துல் ஹக் என்பவருக்கு ஷாஜஹான் கொடுத்த பட்டம் அமானத் கான். தாஜின் வாயில்களையும் உட்சுவர்களையும் சுற்றி ஓடும் குர்ஆன் வசனங்களை எழுதியவர் அவர். கல்லறை மண்டபத்தின் உள்ளே, ஹிஜ்ரி ஆண்டையும் குறித்து, தன்னைச் சிறியவனாகத் தாழ்த்திக்கொண்டு தன் பெயரைப் பொறித்திருக்கிறார்.

அவர் வேலை வெறும் அலங்காரமல்ல. உயர்ந்த வாயிலின் அடியில் நின்று மேலே பார்ப்பவனுக்கு மேலெழுத்துகள் சிறுத்துத் தெரியும். அதனால் மேலே போகப்போக எழுத்தைப் பெரிதாக்கினார். கீழிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அளவு. வாசிப்பவன் எங்கே நிற்பான், கண் எந்தக் கோணத்தில் போகும் என்ற கணக்கு இல்லாமல் இது முடியாது.

எழுத்துக்கு ஒருவர் இருந்ததுபோல அடிமண்ணுக்கும் ஆட்கள் இருந்தார்கள். தாஜ் நிற்பது யமுனையின் கரையில், ஆற்று மண்ணில். அப்படி இளகிய மண்ணில் அத்தனை பாரமான சலவைக்கல்லை எப்படி நிறுத்துவது? ஆற்றங்கரை ஓரமாகக் கிணறுகள் இறக்கி, அவற்றைக் கல்லாலும் சாந்தாலும் நிரப்பி, அதன்மேல் மேடையைக் கட்டினார்கள். மேற்பார்வைக்கு மக்ரமத் கான், மீர் அப்துல் கரீம் என்ற இருவர். கனவு கண்டவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், மண்ணை அறிந்தவர் வேறு, எழுத்தை அறிந்தவர் வேறு. அந்தப் பேரரசர் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தால் தாஜ் ஆற்றுக்குள் போயிருக்கும்.

அதற்கு எண்பது வருஷம் முன்பு, 1550இல், இஸ்தான்பூலில் சுலைமானியாப் பள்ளிவாசலின் வேலை தொடங்கியது. மிமார் ஸினானின் அந்த வேலைக்குரிய கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. உமர் லுத்ஃபி பார்க்கான் என்ற துருக்கிய வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். யார் என்ன வேலை செய்தார், எந்த ஊர், என்ன கூலி என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அதில் பதிவான மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைவினைஞர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். சுல்தானுடைய பள்ளிவாசலுக்கு ஆள் எடுத்தபோது பார்த்தது கையின் திறமையை. அந்தக் கணக்கை எழுதிவைத்தவரும் ஒரு துறைசார் ஆள்தான். இன்று அந்த வேலையைச் செய்பவரை நாம் கணிய அளவையாளர் என்கிறோம்.

கொழும்பில் ஒரு கூட்டாளி

தூரத்துக் கதை போதும், நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளி, ஜாமிஉல் அல்ஃபார், 1908-1909இல் எழுந்தது. அதை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை ஸாயிபு லெப்பை. முறையாகக் கட்டடக்கலை படித்தவரல்லர். தென்னிந்திய வியாபாரிகள் காட்டிய படங்களைப் பார்த்து உருவாக்கினார் என்பார்கள். அத்தகைய மேதைகள் எப்போதாவது பிறக்கிறார்கள். அவர்களை நம்பி எல்லா ஊரிலும் கட்டடம் எழுப்ப முடியாது.

இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. தந்தைவழிப் பாட்டனார் காலியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சட்டத்தரணி. பாவாவும் முதலில் சட்டம் படித்தவர். 1957இல், 38ஆவது வயதில்தான் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் என்ற பழைய கொழும்பு நிறுவனத்தில் அவரோடு முதலில் கைகோத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர். அவர் விலகியபிறகு, 1967 அளவில் தொடங்கி ஏறத்தாழ இருபது வருஷம், பாவாவின் பிரதான பங்காளியாக இருந்தவர் கலாநிதி கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியியலாளர்.

பாவாவைப் பற்றி வந்த பெரிய படப்புத்தகங்கள் கொழும்புக் கடைகளில் விற்கின்றன. பூலோகசுந்தரம் பெயரைச் சொன்னால் நம் பக்கத்துப் படித்தவர்களுக்கும் தெரியாது. ஆனால் பாவாவின் பெரிய வேலைகள் பல அந்த இருபது வருஷத்துக்குள் வந்தவை. பெந்தோட்டை ஹோட்டல், கொழும்பு அரச ஈட்டு வங்கிக் கட்டடம், கோட்டே பாராளுமன்றம், றுகுணு பல்கலைக்கழகம் எல்லாம் அதற்குள் அடங்கும். பொறியியல் பக்கத்தையும் அலுவலக நிர்வாகத்தையும் பூலோகசுந்தரம் தாங்கியதால்தான் பாவாவால் வடிவத்தில் மூழ்க முடிந்தது.

பாராளுமன்ற வேலை 1979இல் பாவாவிடம் வந்தது. 1982 ஏப்ரல் 29இல் திறப்பு விழா. இடையில் மூன்று வருஷம்தான். இடமோ கோட்டேயின் சதுப்பு நிலம். அதைத் தோண்டி நீர்ப்பரப்பாக்கி, நடுவிலிருந்த மேட்டைத் தீவாக்கி, அதன்மேல் செப்புக் கூரைகளோடு கட்டடம் எழுந்தது. கட்டியது மிட்சுயி என்ற ஜப்பானிய நிறுவனம். சபா மண்டபத்தின் நடுவில் தொங்கும் வெள்ளிப் பனையோலை விளக்கு லக்கி சேனநாயக்கவின் கைவேலை. பத்திக் பதாகைகள் ஏனா டி சில்வாவினுடையவை. தீவைக் கற்பனை செய்தது ஒரு தலை. அதைச் சதுப்புக்கு மேலே நிறுத்தி வைத்தது பல தலைகள்.

இதே காலத்தில் பாவா பெய்ரா வாவியில் சீமா மாலகய பௌத்த ஆலயத்தையும் வடிவமைத்தார். அங்கே முன்பிருந்த பழைய கட்டடம் மெல்ல மெல்ல நீருக்குள் தாழத் தொடங்கியிருந்தது. அதன் இடத்தில், 1976-1978இல், நீருக்கு மேலே மூன்று மேடைகளாகப் புதியது எழுந்தது. பணம் கொடுத்தவர் எஸ்.எச். மூஸாஜி என்ற முஸ்லிம் வர்த்தகர், மறைந்த தன் மகனின் நினைவாக. பௌத்தர்களின் தலம், முஸ்லிமின் பணம், முஸ்லிம் பாட்டனாரின் பேரன் போட்ட வடிவம், அந்த அலுவலகத்தின் பொறியியற் பங்காளி ஒரு தமிழர். இன்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய இலங்கை வரலாறு இதிலும் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கதை

இனி, ஒளித்து வைக்காமல் என் கதையையும் சொல்லவேண்டும். சுனாமிக்குப் பிந்திய வருஷங்களில் எங்கள் கரையோரம் முழுக்கக் கட்டட வேலை. வீடு, பாடசாலை, பள்ளிவாசல், மத்ரஸா. யுத்தமும் ஓய்ந்தபிறகு அது இன்னும் கூடியது. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பள்ளிவாசல் நிர்வாகசபை மத்ரஸாவுக்கு இரண்டு மாடி எழுப்பத் தீர்மானித்தது. நான் அந்தச் சபையில் இருந்தேன். வேறொரு ஊரில் கட்டி நன்றாக நிற்கும் மத்ரஸாவின் பிளான் கைக்கு வந்தது. மண் பரிசோதனையும் பொறியியலாளர் கட்டணமும் மதிப்பீட்டில் இரண்டு வரிகள். ஒருவர் கேட்டார், “பிளான்தான் கையில இருக்கே, இதுக்கு என்னத்துக்கு வேற காசு? நம்மட மேசன்மாருக்குத் தெரியாததா?” அந்த இரண்டு வரியையும் வெட்டினோம். கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவது மாரியில் வடகிழக்கு மூலைச்சுவர் வெடித்தது. முதலில் மயிர்க்கோடு. பிறகு பிள்ளைகள் விரலை விட்டுப் பார்க்கும் அளவு. மேல்மாடி வகுப்பைப் பூட்டினோம். அப்போதுதான் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் மூலையில் தோண்டிப் பார்த்து, அந்தப் பக்கம் பிறகு போட்டு நிரப்பிய மண், மற்றப் பக்கம் பழைய இறுகிய மணல், இரண்டும் ஒரே அளவில் தாழாது என்றார். பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. “அது மடுவல்லவா மகன். நாங்க சின்னப் புள்ளையில மாரிக்கு அதுலதான் மீன் புடிச்ச” என்றா. இதை அவ எங்களுக்கு ஒளிக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை.

அல்லாஹ் காப்பாற்றினான், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. திருத்த வேலைக்குப் போன காசு, நாங்கள் வெட்டிய அந்த இரண்டு வரியின் தொகையைப்போல மூன்று மடங்குக்கு மேல். மேசனில் பிழை இல்லை. அவர் சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்கு நேர்த்தியாகக் கட்டினார். தன் துறையல்லாத கேள்விக்கு அவரைப் பதில் சொல்ல வைத்தவர்கள் நாங்கள்.

மண் மட்டுமா? பல பள்ளிவாசல்களில் குப்பா அழகாக எழும்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமை குத்பா தொடங்கினால் சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. பின் ஸப்பில் இருப்பவருக்கு இரைச்சல்தான். நாங்கள் இன்னுமொரு ஸ்பீக்கர் வாங்கிப் பூட்டுகிறோம், எதிரொலி கூடுகிறது. ஒலி அறிந்த ஒருவரிடம் கூரை போடுமுன் கேட்டிருக்க வேண்டிய விஷயம் அது. எங்கள் மணலில் தண்ணீர் மேலாகவே நிற்கும், மண்ணுக்குள்ளால் சுலபமாக ஓடும். ஆனாலும் மலசலகூடக் குழியை எங்கே இடம் மிச்சமோ அங்கே, வுழூ செய்யும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே தோண்டுகிறோம். இதற்கும் ஒரு துறை இருக்கிறது. காற்றோட்டத்துக்கும், மின் இணைப்புக்கும், காசுக் கணக்குக்கும் தனித்தனித் துறை இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மஷூரா செய்யும் சமூகம் நாம். நோன்புக் கஞ்சிக்கு எத்தனை கிலோ அரிசி என்பதற்கும் கூட்டம் போடுகிறோம். நூறு பிள்ளைகள் ஓதப் போகிற கூரைக்கு மட்டும் துறை தெரிந்தவனைக் கேட்பது வீண் செலவாகப் படுகிறது. மதீனாவில் பள்ளிவாசல் கட்டியபோது நடந்த ஒரு சம்பவத்தை ஹதீஸ் தொகுப்புகள் பதிந்திருக்கின்றன. யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரழி) மண் குழைப்பதில் கைதேர்ந்தவர். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த வேலையை அவரிடமே விடும்படி ஸஹாபாக்களுக்குச் சொன்னார்கள். மண் குழைப்பதற்குக்கூட அதை அறிந்தவரே முன்னுக்கு வந்தார். இதை நாம் பயான்களில் அதிகம் கேட்டதில்லை.

ஆகா கான் விருதுக் குழு கட்டடக்கலைஞருக்கு மட்டும் விருது கொடுப்பதில்லை. பொறியியலாளர், கைவினைஞர், கட்டுநர், கட்டச் சொன்னவர் எல்லாரின் பங்கையும் மதிக்கும் முறையை ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கிறது. நம் பள்ளிவாசல்களின் நினைவுக்கல்லைப் பாருங்கள். அடிக்கல் நாட்டியவர், நன்கொடையாளர், தலைவர், செயலாளர், பொருளாளர். கணக்குப் போட்டவர் இல்லை. மேசன் இல்லை, ஓடாவி இல்லை. பேரரசர் ஒருவர் தன் மனைவியின் கல்லறைக்குள் எழுத்தணிக் கலைஞரின் பெயரை அனுமதித்திருக்கிறார். நம் நிர்வாகசபைகளுக்கு அது முடியாதா?

எங்கள் மத்ரஸாவின் திருத்த வேலை முடிந்து மேல்மாடி வகுப்பைத் திறந்த கிழமை, அடுத்த வேலைக்கான மதிப்பீடு சபைக்கு வந்தது. பெண்கள் தொழும் பகுதி. முதலாம் வரி மண் பரிசோதனை, இரண்டாம் வரி பொறியியலாளர் கட்டணம். இந்த முறை ஒருவரும் வெட்டச் சொல்லவில்லை. முதல் தரம் கேள்வி கேட்ட அதே ஆள், வேலை தொடங்குமுன் வேலியடி மாமியையும் ஒருக்காக் கேட்கவேணும் என்றார். நினைவுக்கல்லில் யார் யார் பெயர் போடுவது என்பது இன்னும் தீரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

அந்தப் பொடியனுக்கும் பதில் சொல்லியாயிற்று. ஷாஜஹான் கல் தூக்கவில்லை என்றேன். தூக்கியவர்களைப் பற்றியும், கணக்குப் போட்டவர்களைப் பற்றியும், டாக்காவிலிருந்து போய்க் கூடாரம் நிறுத்திய ஒருவரைப் பற்றியும் ஒரு பாடவேளை முழுக்கச் சொன்னேன். மணி அடித்தபிறகு அவன் வந்து கேட்டது, அந்தப் படிப்புக்கு உயர்தரத்தில் என்ன பிரிவு எடுக்கவேணும் என்று. கணிதப் பிரிவு என்றேன். எங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. அதையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.